உவர்நீரும் நன்னீரும்: சுண்டிக்குளம் பறவைச் சரணாலயம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வடகீழ்ப் பருவக்காற்று மழை ஓய்ந்து தை பிறக்கும் வேளையில் ஆனையிறவுப் பெருவீதியாற் செல்வோர், கிழக்குப் புறத்தே விரிந்து கிடக்கும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பையும் அதில் நின்று இரைதேடும் புள்ளினங்களையும் காணாதிருத்தல் அரிது. பூநாரையும் கூழைக்கடாவும், சங்குவளை நாரையும் கரண்டிவாயனும், பெயர் எளிதில் அறியவொண்ணாத உள்ளான் வகைகளும் அங்கே கூட்டங் கூட்டமாகத் தங்குகின்றன. அந்நீர்ப்பரப்பு கிழக்கே நீண்டு சென்று சுண்டிக்குளத்து மணற்றிடலிற் கடலை அணுகுகின்றது. பறவை காண விழைவோர் வடமராட்சி கிழக்கின் கரையோர வீதியாலோ, பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலிருந்து வடக்கே பிரியும் கிளைப்பாதைகளாலோ இவ்விடத்தை அடைவர். மார்கழி தொடக்கம் பங்குனி வரையுள்ள காலமே அதற்கு உகந்ததாகும்.

இவ்வாறு வருவோருட் பலர், மனிதன் கைபடாத இயற்கையின் எச்சமொன்றைத் தாம் காண்பதாகவே எண்ணுகின்றனர். வரலாறு அவ்வெண்ணத்தை ஆதரிப்பதாயில்லை. சுண்டிக்குளம் கடனீரேரியின் இன்றைய வடிவம், வீதி அமைத்தோராலும், உப்பு விளைத்தோராலும், குளங் கட்டியோராலும், சட்டம் இயற்றியோராலும் படிப்படியாக ஆக்கப்பட்டதாகும். அன்றியும், ஒரே நீரை உவர்நீராகவே இருக்கவிட வேண்டும் என்ற நோக்கும், அதனை நன்னீராக மாற்ற வேண்டும் என்ற நோக்கும் இருபதாம் நூற்றாண்டில் இவ்விடத்திலே சந்தித்தன. இரண்டுமே நியாயமான நோக்கங்கள். இரண்டும் இன்றுவரை முடிவுறாதவை. அவற்றின் வரலாற்றை ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

சுண்டிக்குளம் கடனீரேரி தொன்றுதொட்டே தனித்ததொரு நீர்நிலையாக இருந்ததன்று. யாழ்ப்பாணக் கடனீரேரியின் கிழக்குக் கையாகவே அது முன்னர் விளங்கிற்று. குடாநாட்டையும் வன்னிப் பெருநிலப்பரப்பையும் இடைவெட்டி நின்ற ஆழமற்ற கடவையே ஆனையிறவு. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் இக்கடவையூடாகக் குடாநாட்டிற்கு நடத்திச் செல்லப்பட்டுக் கடல் வழியே பிற நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. இடப்பெயரின் காரணமும் அதுவேயென்பர். ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் ஆனையிறவிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் சிறு கோட்டைகள் இருந்தமை, இக்கடவை வாணிபத்திற்கும் பாதுகாப்பிற்கும் எத்துணை இன்றியமையாததாகக் கருதப்பட்டது என்பதனைக் காட்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியிற் கடவையின் தன்மை மாறிற்று. கண்டிவீதியைத் தாங்கிய அணையும், 1905 ஆம் ஆண்டில் முழுமையடைந்த வடபகுதிப் புகையிரதப் பாதையைத் தாங்கிய அணையும் நீரின் கிழக்கு மேற்கு ஓட்டத்தைத் தடுத்தன. மேற்கிலிருந்து நாளும் வந்துபோன கடல்நீர், கிழக்குக் கைக்கு முன்போற் செல்லமுடியாது போயிற்று. ஒரு பெருங் கடனீரேரியின் பகுதியாயிருந்தது, பெரும்பாலும் மூடுண்ட ஏரியாயிற்று. சுருங்கக் கூறின், இன்று பறவைகளைக் காண்போர் நின்று நோக்கும் அணையே அவர்கள் காணும் நீர்நிலையை உருவாக்கியது எனலாம்.

இவ்வாறு மூடுண்ட ஏரி வரண்ட வலயத்தின் பருவங்களுக்கு முற்றாகக் கட்டுப்பட்டது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையினாற் கனகராயன் ஆறும், நெத்தலியாறும், வேறு சிற்றாறுகளும் வன்னி நிலத்தின் வெள்ளத்தை அதனுட் கொணர்ந்து சேர்க்கும். நீர் மிகும்போது சுண்டிக்குளத்து மணற்றிடல் உடைந்து வெள்ளம் கடலிற் கலக்கும். மழை நின்றபின் திடல் மீண்டும் மூடும். அதன்பின் ஏரிநீர் வெயிலால் வற்றி வற்றி உவர்ப்பேறும். ஆனி, ஆடி மாதங்களில் ஏரியின் பெரும்பகுதி வெண்ணிற உப்புப் படலம் படர்ந்த வெளியாகக் காட்சிதரும். ஓராண்டிற்குள்ளேயே நன்னீருக்கு அண்மித்த நிலையிலிருந்து கடல்நீரினும் மிகுந்த உவர்ப்பு வரை செல்லும் இந்த ஏற்றத்தாழ்வே இவ்வேரியின் சிறப்பியல்பு. அதனைத் தாங்கவல்ல சிற்றுயிர்களே அதன் சேற்றிலும் நீரிலும் பெருகுகின்றன. அவற்றை உண்ணவல்ல பறவைகளே இங்கு பெருந்தொகையாக வருகின்றன. பூநாரையின் வளைந்த அலகு, சேறு கலந்த உவர்நீரை உள்வாங்கி, நுண்ணிய இறாலினங்களையும் பாசிகளையும் வடித்தெடுத்து, நீரை வெளித்தள்ளும் அமைப்பினையுடையது. அத்தகைய அலகிற்கு ஏற்ற உணவு நன்னீர்க் குளத்திற் கிடைப்பதன்று.

இக்கரையில் வாழ்ந்த மக்களுக்கும் இந்த ஏற்றத்தாழ்வு பழக்கமானதே. மாரியில் வீச்சுவலை கொண்டு இறாலும் மீனும் பிடித்தனர். நீர் வற்றிய நிலத்தின் ஓரங்களில் மாடுகளை மேய்த்தனர். கோடையில் தானே விளைந்த உப்பு அவர்களின் கண்முன்னே கிடந்தது. ஆனால் உப்பு, குடியேற்ற நாட்டாட்சியில் அரசின் தனியுரிமைப் பொருளாயிற்று. இயற்கையாக விளைந்த உப்பை மக்கள் தாமாக அள்ளுதல் குற்றமெனக் கொள்ளப்பட்டது. கண்ணெதிரே உள்ள ஒரு பொருளைத் தொடுவதற்குச் சட்டத்தின் அனுமதி வேண்டும் என்ற நிலை இக்கரைக்குச் சரணாலயத்தோடு வந்ததன்று. உப்போடு முன்னரே வந்துவிட்டது. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இது மனங்கொள்ளத்தக்கது.

துப்பாக்கியும் தொலைநோக்கியும்

நீர்ப்பறவைகளைக் கூர்ந்து நோக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. சங்க இலக்கியத்தின் நெய்தற்றிணைப் பாடல்களிற் குருகும் நாரையும் அன்றிலும் இடம்பெறாத பாடல்கள் சிலவே எனுமளவிற்குப் புட்கள் நிறைந்துள்ளன. பருவந்தோறும் தெற்கும் வடக்குமாகச் செல்லும் பறவைகளின் இயல்பைத் தமிழ்ப் புலவர் அறிந்திருந்தமைக்குச் சத்திமுற்றப் புலவர் நாரையைத் தூதாக விடுத்த பாடல் சான்றாகும். எனினும் அந்நோக்கு, பறவையைத் தனியொரு பொருளாகக் கொண்டு வகைப்படுத்தும் நோக்கன்று. மனித வாழ்வின் பின்னணியாகவே பறவை அங்கு அமைந்தது.

வகைப்படுத்தும் நோக்கு ஐரோப்பியரோடு வந்தது. 1752 தொடக்கம் 1757 வரை ஒல்லாந்தத் தேசாதிபதியாக விளங்கிய யோன் கிடியன் லோற்றன், பீற்றர் கோர்னேலிஸ் டி பெவெர் என்ற ஓவியரைக் கொண்டு இத்தீவின் பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். அவ்வோவியங்கள் பின்னர் இங்கிலாந்தில் வெளிவந்த விலங்கியல் நூல்களுக்கு மூலமாயின. தேன்சிட்டு இனமொன்று இன்றும் லோற்றனின் பெயரைத் தாங்கியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எட்கார் லேயார்ட் என்ற ஆங்கில அலுவலர் யாழ்ப்பாணப் பகுதி உட்படத் தீவின் பல பாகங்களிற் பறவைகளைச் சேகரித்து, 1853 ஆம், 1854 ஆம் ஆண்டுகளில் அவை பற்றிய குறிப்புகளைத் தொடராக வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த வில்லியம் வின்சன்ற் லெக், படைப்பிரிவு அலுவலராக 1868 முதல் 1877 வரை இங்கு பணிபுரிந்தவர். 1878 - 1880 காலப்பகுதியில் வெளிவந்த அவரது ‘இலங்கைப் பறவைகளின் வரலாறு’ என்ற ஆங்கில நூல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. இத்துறையில் நெடுங்காலம் அடிப்படை நூலாக நிலவியது.

இவர்கள் காலத்தில் ஒரு பறவையை அறிதல் என்பது அதனைச் சுட்டு வீழ்த்தி, தோலுரித்து, அளந்து, பெட்டியில் வைத்தலேயாகும். தெளிவான தொலைநோக்கி கைக்கு எட்டாத காலத்தில் ஐயமற அறிவதற்கு வேறு வழி பெரும்பாலும் இருக்கவில்லை. ஆயினும் இந்நூல்களில் ஒரு செய்தி நுணுகி நோக்கற்பாலது. லெக் தமது நூலிற் பறவைகளின் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் பதிவு செய்துள்ளார். அப்பெயர்களைக் கூறியோர் யாவர்? கடனீரேரியில் வலை வீசியோரும், துப்பாக்கியைச் சுமந்து வழிகாட்டியோருமாகவே அவர்கள் இருத்தல் கூடும். அவர்கள் கூறிய பறவைப் பெயர்கள் நூலேறின. கூறியவர்களின் பெயர்கள் ஏறவில்லை. பறவையியலின் தொடக்கத்திலேயே அறிபவர் ஒருவராகவும் அறிவிப்பவர் மற்றொருவராகவும் பிரிந்து நின்றமையை இதனால் உணரலாம்.

அறிவிற்காகச் சுட்டவர்களோடு பொழுதுபோக்கிற்காகச் சுட்டவர்களும் இருந்தனர். உள்ளான் வேட்டையும் தாரா வேட்டையும் ஆங்கிலேய அலுவலரும் தோட்டத்துரைமாரும் விரும்பிய விளையாட்டுகள். வேட்டைக்குரிய உயிரினங்கள் அருகி வருதலைக் கண்டு 1894 ஆம் ஆண்டிற் சங்கமொன்றை நிறுவியோரும் அவர்களே. இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் முன்னோடி அதுவாகும். வேட்டையைத் தொடர்வதற்கே காப்பு வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து, காப்பே தன்னளவில் வேண்டற்பாலது என்ற எண்ணம் மெல்ல மெல்ல வளர்ந்தது. 1925 இல் வெயிற் என்பாரின் கைநூல் வெளிவந்தது. 1943 இல் இலங்கைப் பறவைக் கழகம் தோன்றிற்று. 1955 இல் ஜி. எம். ஹென்றியின் ‘இலங்கைப் பறவைகளுக்கு ஒரு வழிகாட்டி’ வெளியானது. தாமே வரைந்த படங்களோடும் சிங்கள, தமிழ்ப் பெயர்களோடும் ஹென்றி ஆக்கிய அந்நூல், துப்பாக்கியின்றிப் பறவையை இனங்காணும் வழக்கத்தைப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது. 1976 இற் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து களப் பறவையியற் குழு அமைந்தபோது அவ்வழக்கம் பல்கலைக்கழக மாணவரிடமும் வந்து சேர்ந்தது.

1938 ஆம் ஆண்டின் பிரகடனம்

இவ்வளர்ச்சியின் சட்ட வடிவமே 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அதன்கீழ் 1938 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 25 ஆந் திகதி யால தேசிய பூங்காவாக்கப்பட்டது. அதே நாளிலேயே சுண்டிக்குளம் பறவைச் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. கீழ்க்கரையின் குமண பறவைச் சரணாலயமும் அவ்வாண்டிற்கே உரியது. நாட்டின் முதற் பூங்காக்களோடு ஒருங்கெண்ணப்படும் பழமையுடையது சுண்டிக்குளம் என்பது பலராலும் அறியப்படாத செய்தியாகும்.

இச்சட்டத்தில் ‘சரணாலயம்’ என்பதற்கும் ‘தேசிய பூங்கா’ என்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு அடிப்படையானது. சரணாலயத்தின் எல்லைக்குள் தனியார் நிலம் அமையலாம், மக்கள் வாழலாம், தம் தொழிலைச் செய்யலாம். விலங்கையும் பறவையையும் கொல்வதும், கூட்டையும் முட்டையையும் அழிப்பதுமே அங்கு முதன்மையாகத் தடுக்கப்படுவன. தேசிய பூங்காவோ அரச நிலத்தில் மட்டும் அமைவது. அனுமதிச் சீட்டின்றி அதனுட் செல்லலாகாது. அச்சீட்டும் உயிரினங்களைக் கற்றற்கும் காண்டற்கும் வழங்கப்படுவதாகும். எனவே சரணாலயம் பறவையோடு மனிதன் வாழ்வதை ஏற்றுக்கொள்கின்றது. பூங்கா பறவையை மனிதன் காண்பதை மட்டுமே ஏற்றுக்கொள்கின்றது. 1938 இற் சுண்டிக்குளத்திற்குக் கிடைத்தது முதலாவது நிலையே. அதனால் மீனவரதும் மந்தை வளர்ப்போரதும் வாழ்க்கை பெரிதும் மாறவில்லை.

யாழ்ப்பாணத்திற்கு ஓர் ஆறு

பறவைகளுக்கென ஒதுக்கப்பட்ட இந்நீரை முற்றிலும் வேறொரு கண்கொண்டு நோக்கியோரும் இருந்தனர். அவர்களின் நோக்கை விளங்கிக்கொள்ளக் குடாநாட்டின் நீர்நிலைமையை அறிதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறெதுவும் இல்லை. வழுக்கியாறும் மாரிக்கு மட்டுமே உரியது. மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லியதொரு நன்னீர் வில்லையாக மிதக்கின்றது. கிணறுகள் அந்நன்னீரையே தருகின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். துலாவினால் இறைத்த காலத்தில் மனிதனின் கைவலுவே ஓர் எல்லையாக இருந்தது. இயந்திர நீரிறைப்புப் பரவி, வெங்காயமும் மிளகாயும் பணப்பயிர்களாய்ப் பெருகியபோது அவ்வெல்லை மறைந்தது.

கனகராயன் ஆற்றின் வெள்ளம் ஆண்டுதோறும் ஆனையிறவு ஏரியினூடாகக் கடலிற் கலந்து வீணாவதையும், அதற்கு அண்மையிலேயே கிணறுகள் உவர்ப்பதையும் கண்டோர்க்கு, அவ்வெள்ளத்தை மறித்து நன்னீர் ஏரியாக்கலாகாதா என்ற எண்ணம் எழுந்தமை இயல்பே. அவ்வெண்ணத்திற்கு முழுமையான திட்டவடிவம் தந்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் ஆவார். 1954 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘யாழ்ப்பாணத்திற்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தின்படி, ஆனையிறவு அணையின் வாயில்கள் மூடப்பட்டு, சுண்டிக்குளத்திற் கலிங்கோடு கூடிய அணைக்கட்டு அமைக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் வரும் வெள்ளம் உவர்ப்பைக் கழுவிச் செல்ல, ஏரி படிப்படியாக நன்னீராகும். அந்நீர் முள்ளியானூடாக வெட்டப்படும் கால்வாயொன்றினால் வடமராட்சிக் கடனீரேரிக்கும், அதன்வழி உப்பாற்றுக்கும் செல்லும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அமையும் தடுப்பணைகள் கடல்நீரை உட்புகாது தடுக்கும். இவ்வாறு குடாநாட்டின் நடுவே நன்னீர் நிலைபெறின், அது நிலத்தினுள் ஊறிக் கிணறுகளை வளப்படுத்தும் என்பதே திட்டத்தின் உட்கருத்து.

தடுப்பணைகள் கட்டப்பட்டன. சுண்டிக்குளத்து அணை வேலைகளும் முள்ளியான் கால்வாய் வேலையும் தொடங்கப்பெற்றன. ஆனால் அணை வெள்ளத்தால் உடைந்தது, கால்வாய் முற்றுப்பெறவில்லை. தடுப்பணைகளின் கதவுகளும் காலப்போக்கிற் பழுதடைந்தன. திட்டம் கைவிடப்பட்டதுமன்று, நிறைவேறியதுமன்று என்ற நிலையிலேயே நின்றுவிட்டது.

இங்கு நோக்க வேண்டியது யாதெனில், 1938 இல் உவர்நீர்ப் பறவைகளின் காப்பிடமாகக் கொள்ளப்பட்ட அதே ஏரி, 1954 இல் உவர்ப்பு நீக்கப்பட வேண்டிய நீர்த்தேக்கமாகக் கொள்ளப்பட்டமையாகும். இதனை ஆறுமுகத்தின் குறையெனக் கூறுதல் பொருந்தாது. நீர்த்திட்டம் வகுப்போர் பறவைகளைக் கருத்திற் கொள்ளும் வழக்கம் அக்காலத்தில் உலகிலே அரிதாயிருந்தது. அதுபோன்றே, சரணாலயங்களுக்கு எல்லை வகுத்தோரும் அயலூர்க் கிணறுகளின் உவர்ப்பைக் கருத்திற் கொண்டவர்களல்லர். ஒரு துறையார் வரைந்த படத்தில் மற்றத் துறையார் கண்ட ஏரி இருக்கவில்லை.

புந்தல தரும் படிப்பினை

உவர் ஏரியொன்று நன்னீர் பெற்றால் யாது நிகழும் என்பதனைத் தீவின் மறுகோடியிலுள்ள புந்தல காட்டுகின்றது. அம்பாந்தோட்டைக் கரையிலுள்ள புந்தல 1969 இற் சரணாலயமாகவும் 1993 இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. ஈரநிலங்கள் பற்றிய ராம்சார் உடன்படிக்கையில் இலங்கை 1990 இல் இணைந்தபோது, அதன்கீழ்ப் பதிவான நாட்டின் முதலாவது தலமும் அதுவே. ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய பூநாரைகளே அதன் புகழுக்குக் காரணமாயின.

1980 களின் பிற்பகுதியில் லுணுகம்வெகர நீர்த்தேக்கத்தோடு கூடிய கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. புதிய வயல்களிலிருந்து வடிந்த நீர் புந்தலயின் எம்பிலிகல, மலல ஏரிகளுட் பாய்ந்தது. உவர்ப்புக் குறைந்தது, சம்புப் புல் கரைகளிற் படர்ந்தது, உவர்நீரிற் பெருகும் சிற்றுயிர்கள் அருகின. பூநாரைகளின் வருகையும் பெரிதும் குன்றியது. துப்பாக்கி வெடிக்கவில்லை, மரம் வெட்டப்படவில்லை, எல்லைக்கல் அசைக்கப்படவில்லை. சட்டம் தடுத்தவற்றுள் எதுவும் நிகழாமலே சரணாலயத்தின் சிறப்பு மங்கிற்று. உழவர் நெல் விளைத்தமையே அதற்குக் காரணம். நெல் விளைத்தல் குற்றமன்று. நீர் எங்கிருந்து வந்து எங்கே செல்கின்றது என்பதனை நோக்காது நிலத்திற்கு மட்டும் எல்லையிட்ட காப்பு எவ்வளவு போதாததென்பதே இதனாற் பெறப்படும்.

எனினும் ஒன்றை ஈண்டுத் தெளிவுபடுத்துதல் தகும். நன்னீர் பறவைகளை முற்றாக விரட்டுவதில்லை, பறவைகளை மாற்றுகின்றது. ஊசிவால் வாத்தும் நீர்க்காகமும் தாமரைக்கோழியும் நன்னீர்க் குளங்களையும் நாடுவன. மன்னாரிற் கட்டுக்கரைக் குளத்து நன்னீரும் வங்காலையின் உவர்நிலமும் ஒன்றுக்கொன்று அண்மையில் இருப்பதனாலேயே அப்பகுதி பலவகைப் பறவைகளுக்கும் இடமளிக்கின்றது. ஆகவே சுண்டிக்குளத்தில் எழும் வினா, பறவையா மனிதனா என்பதன்று. எவ்வளவு நீரை, எப்பருவத்தில், ஏரியின் எப்பகுதியில் நன்னீராக்கலாம், எப்பகுதியை உவர்நீராகவே விடுதல் வேண்டும் என்பதே வினா. அளந்தறிந்து விடைகாண வேண்டிய வினா அது.

போரும் மௌனமும்

இவ்வினாவை எழுப்புவதற்கே இடமளிக்காத காலமொன்று பின்னர் வந்தது. ஆனையிறவு 1991 ஆம் ஆண்டிலும் 2000 ஆம் ஆண்டிலும் பெரும் போர்களைக் கண்டது. உப்பளம் இயங்காது போயிற்று. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 இல் எழுந்த ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரையூர்களை அழித்தது. 2009 இன் தொடக்கத்திற் போர் இறுதிமுறையாக இக்கரையைக் கடந்து சென்றது. 1980 களிலிருந்து நாடளாவிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வந்தபோதும், வடபகுதியின் பெரும்பாகம் அதற்கு எட்டாததாகவே இருந்தது.

மனிதர் வெளியேறியமையாற் போர்க்காலம் இயற்கைக்கு நன்மை செய்தது எனச் சிலர் கூறுவதுண்டு. இக்கூற்றை எச்சரிக்கையோடு நோக்க வேண்டும். கணக்கெடுக்கப்படாத காலத்திற் பறவைகள் பெருகின என்று கூறுவதற்குச் சான்று இல்லை. கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டமையும், காவலரண்களுக்காகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டமையும், அணைகளும் கால்வாய்களும் பேணப்படாது சிதைந்தமையும் சான்றுள்ளவை. மேலும், கரையோர மக்கள் இடம்பெயர்ந்தபோது அவர்களோடு கடனீரேரி பற்றிய நாளாந்த அறிவும் இடம்பெயர்ந்தது. எம்மாதத்தில் எத்திசையாற் பறவை வரும், திடல் எவ்வளவு நீரில் உடையும், இறால் எப்போது ஏறும் என்பவை நூலில் எழுதப்பட்டவையல்ல. அவற்றை அறிந்த முதியோர் பலர் திரும்பி வரவில்லை.

காண்போரும் வாழ்வோரும்

போர் முடிந்தபின் வீதி திறந்தது. 2014 இற் புகையிரதமும் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. பறவை காண்போர் வடக்கே வரத்தொடங்கினர். அவர்கள் எழுதிய குறிப்புகளும் எடுத்த படங்களும் வடபுலக் கடனீரேரிகளின் சிறப்பை நாடறியச் செய்தன. மன்னாரிற் கடற்காகங்களுக்குச் செயற்கைக்கோட் கருவி பொருத்திக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மேற்கொண்ட ஆய்வு, அப்பறவைகள் வடதுருவத்தை அடுத்த உருசிய நிலம் வரை சென்று மீள்வதனை உறுதிப்படுத்தியது. மத்திய ஆசியப் பறப்புவழி எனப்படும் பெரும் பாதையின் தென்கோடித் தங்குமிடங்களுள் வட இலங்கையின் உவர்நிலங்களும் அடங்கும் என்பது இதனால் வலுப்பெறுகின்றது.

2015 ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் சுண்டிக்குளம் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. முன்னைய சரணாலயத்தினும் பரந்த நிலப்பரப்பு அதனுட் சேர்க்கப்பட்டது. காப்பு வலுப்பெற்றமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் மேலே கூறிய சட்ட வேறுபாடு இப்போது முழுமையாகப் பொருள் பெற்றது. இடப்பெயர்விலிருந்து மீண்டுவந்து, காணி உறுதிகளும் எல்லைகளும் தெளிவின்றி நின்ற மக்களின் அயலிலே புதிய எல்லைக்கற்கள் நாட்டப்பட்டன. மேய்ச்சல் நிலம், தொழிற்றுறை, வாழ்விடம் ஆகியன பற்றிய ஆட்சேபங்கள் எழுந்தன. சட்டத்தின் நேர்ப்பொருளின்படி, தொலைவிலிருந்து சீட்டுப் பெற்று வருபவர் பறவையைக் காணும் உரிமையுடையவர். தலைமுறைகளாக அந்நீரில் வலை வீசியவரோ தமது உரிமையை நிறுவிக் காட்ட வேண்டியவர். உப்பின் வரலாற்றை நினைவிற் கொண்டோர், இவ்வாட்சேபங்களை வளர்ச்சியை விரும்பாதோரின் பிடிவாதம் எனத் தள்ளிவிடார்.

நீர் பற்றிய வினாவும் ஓயவில்லை. இரணைமடு நீரைக் குடாநாட்டிற்குக் கொண்டுசெல்லும் எண்ணத்திற்குக் கிளிநொச்சி உழவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன்பின் கடல்நீரைச் சுத்திகரித்து நன்னீராக்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டு, 2024 இல் வடமராட்சி கிழக்கின் தாழையடியில் அதற்கான நிலையம் திறந்துவைக்கப்பட்டது. குடிநீர்த் தேவைக்கு இது ஓரளவு விடையாகலாம். பயிர்ச்செய்கைக்கும் கிணறுகளின் மீள்நிரம்பலுக்கும் விடையாகாது. ஆகையால் ஆறுமுகத்தின் திட்டம் மீண்டும் மீண்டும் பேசப்படுவதில் வியப்பில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சுண்டிக்குளம் இயற்கையால் மட்டும் ஆனதோரிடமன்று. பல தலைமுறையினரின் தேவைகளும் தீர்மானங்களும் படிந்த இடம் என்பது பெறப்படும். யானை வாணிபமும், வீதியும், புகையிரதமும், உப்பும், குளமும், சட்டமும், போரும் தத்தம் தடத்தை அதிற் பதித்துள்ளன. பறவை அத்தடங்களுக்கு ஏற்பவே வருகின்றது, அல்லது வராதொழிகின்றது. 1938 இல் வகுக்கப்பட்ட காப்பும் 1954 இல் வகுக்கப்பட்ட திட்டமும் ஒன்றையொன்று அறியாது ஒரே நீரின்மீது நின்றன. அவ்வறியாமை இனியும் தொடரவேண்டும் என்பதில்லை.

கிளிநொச்சி அறிவியல்நகரில், சுண்டிக்குளம் ஏரிக்கு அதிக தொலைவில்லாத ஓரிடத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. விலங்கியலும் புவியியலும் வரலாறும் அதே பல்கலைக்கழகத்தின் பிற பீடங்களிற் கற்பிக்கப்படுகின்றன. மாதந்தோறும் ஏரியின் உவர்ப்பை அளத்தல், வரும் பறவைகளை எண்ணுதல், திடல் உடையும் நாளைக் குறித்தல், கரையூர் முதியோரிடம் எஞ்சியுள்ள பறவைப் பெயர்களையும் பருவ அறிவையும் கூறியவர் பெயரோடு பதிவு செய்தல் ஆகிய பணிகளுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பத்தாண்டு தொடர்ந்து செய்யப்படின், அணை கட்டுவதா விடுவதா என்ற வாதம் ஊகத்தை விட்டு அளவையின்மேல் நிற்கும். தொலைநோக்கியோடு அங்கு செல்லும் மாணவர் பறவையை நோக்குவதோடு அமையாது, அது நிற்கும் நீரின் ஆழத்தையும், அந்நீரை மறித்து நிற்கும் அணையையும், அணையோரத்தில் வலை உலர்த்துவோரையும் சேர்த்து நோக்கப் பழகுதல் வேண்டும். சுண்டிக்குளத்தின் எதிர்காலம் பெரிதும் அத்தகைய நோக்கிலேயே தங்கியுள்ளது.